விளக்குகள் பற்றி வாசகர் கேள்விகள்

விளக்கு, வெளிச்சம், இரவு ஆகியவை பற்றி வந்திருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

கே: அந்தக் காலத்தில் அகல் விளக்கு வெளிச்சத்தில் படித்தார்கள் என்கிறார்கள். அது எவ்வளவு வெளிச்சம் தரும்? இன்றைய பல்போடு ஒப்பிட முடியுமா?
— மன்னார்குடி வாசகர்

ப: முடியும். ஒரு மெழுகுவர்த்தி எல்லாத் திசைகளிலும் சேர்த்துத் தருவது ஏறக்குறைய 12 லூமென். ஒற்றைத் திரி போட்ட அகல் பெரும்பாலும் அதற்கும் குறைவுதான். வீட்டில் இருக்கும் 9 வாட் எல்.இ.டி பல்பின் அட்டையைப் பாருங்கள், 800 முதல் 900 லூமென் என்று போட்டிருக்கும். அதாவது 70 மெழுகுவர்த்திகளை ஒரே இடத்தில் ஏற்றிவைத்தது போல.

புத்தகத்தின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்தில் விழுவது 1 லக்ஸ். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும். 30 சென்டிமீட்டருக்கு நெருங்கினால் 11 லக்ஸ் கிடைக்கும். இன்று படிப்பு மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்கிறோம். ஆக, ஒரு விளக்கைச் சுற்றிப் பலர் உட்காரலாம், ஆனால் ஒருவர்தான் படிக்க முடியும். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கும் வழக்கத்துக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அகல் ஏன் அவ்வளவு தட்டையாக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் கெட்டியானவை. திரி வழியாக அதிக உயரம் ஏறாது. எண்ணெய் மட்டம் சுடருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், இல்லையென்றால் திரி கருகும். மண்ணெண்ணெய் அப்படியல்ல. மெல்லிய எண்ணெய் என்பதால் ஒரு சாண் ஆழத்திலிருந்தும் திரியில் ஏறி வரும். எண்ணெயைக் கீழே டாங்கில் அடைத்துச் சுடரை மேலே வைக்க முடிந்தது அதனால்தான். போலந்துக்காரரான இக்னாசி வுகாஷேவிச் 1853-இல் அப்படி ஒரு விளக்கைச் செய்தார். அந்த ஆண்டு ஜூலை 31 இரவு, லிவிவ் நகர மருத்துவமனையில் அவசர அறுவைச் சிகிச்சை ஒன்று அவருடைய விளக்கொளியில் நடந்தது.

கே: மின்தடை நேரத்துக்காக அரிக்கேன் விளக்கு வைத்திருக்கிறோம். ஒரே இரவில் சிம்னி கறுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
— ஜெயங்கொண்டம் வாசகர்

ப: திரியைத்தான் முதலில் பாருங்கள். விளக்கின் மஞ்சள் ஒளியே கரித்துகள் சூட்டில் ஒளிர்வதால் வருவது. அந்தத் துகள்கள் சுடருக்குள்ளேயே எரிந்து தீர்ந்துவிட்டால் வெளிச்சம், தீராமல் வெளியே வந்தால் புகை. திரியை அதிகம் ஏற்றினால் எண்ணெய் மிகுந்து காற்றுப் போதாமல் போகும். திரியின் நுனியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டி, இரண்டு மூலைகளையும் நூலளவு சாய்த்து வெட்டுங்கள். மூலை கூராக நின்றால் சுடருக்குக் கொம்பு முளைக்கும், அந்தக் கொம்புதான் கண்ணாடியைக் கறுப்பாக்குகிறது.

அடுத்தது காற்று. பர்னருக்கு அடியில் உள்ள சல்லடைத் துளைகளில் பூச்சியும் கரியும் அடைத்திருக்கும், பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தட்டுங்கள். நெடுநாள் கிடந்த மண்ணெண்ணெயில் தண்ணீர் இறங்கியிருந்தால் சுடர் படபடக்கும், அதைக் கொட்டிவிட்டுத் திரியை வெயிலில் காயவைத்துப் போடுங்கள். சிம்னியைக் கழுவினால் ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே மாட்டவேண்டும். ஏற்றியவுடன் திரியைத் தாழ்த்தியே வைத்து, கண்ணாடி சூடேறிய பிறகு உயர்த்துங்கள். இல்லாவிட்டால் விரிசல் விடும்.

கே: எங்கள் ஊருக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கும் தொடர்பு உண்டு என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? பரணில் கிடக்கும் பழைய பெட்ரோமாக்ஸை மறுபடி ஏற்ற முடியுமா?
— திங்கள்சந்தை வாசகர்

ப: உண்மை. தொடர்பு அந்த விளக்கின் மேண்டிலில், அதாவது சூடேறி ஒளிரும் வலைப்பையில் இருக்கிறது.

ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவெர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-இல் ஒரு புது வழி கண்டார். சுடரை நம்பாமல், சுடரால் வேறொரு பொருளைச் சூடாக்கி அதை ஒளிரவைப்பது. முதலில் அவர் செய்த மேண்டில் பச்சை ஒளி தந்தது, சீக்கிரம் உடைந்தது. 1891-இல் அவர் கண்ட கலவைதான் நிலைத்தது: 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. தோரியம் ஆக்சைடு விளக்குச் சுடரின் சூட்டில் உருகாது, சூட்டை வெப்பக் கதிராக அதிகம் வெளியே விடாது. அதனால் அது மிக அதிகச் சூட்டுக்குப் போகிறது. அந்தச் சூட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தருவது சீரியம். சீரியம் கூடினால் வெப்பமெல்லாம் வீணாக வெளியேறி ஒளி குறைந்துவிடும், அதனால்தான் நூற்றில் ஒரு பங்கு.

கடையில் வாங்கும் மேண்டில் துணிப்பை போல இருக்கிறதே என்று கேட்கலாம். அது இந்த உலோகங்களின் உப்பில் ஊறவைத்த துணி. முதல் முறை கொளுத்தும்போது துணி எரிந்துபோய், அதே வலை வடிவில் ஆக்சைடு மட்டும் நிற்கிறது. விரல் பட்டால் உதிர்வது அதனால்தான்.

இந்த மேண்டிலால் உலகம் முழுக்கத் தோரியத்துக்குத் தேவை ஏற்பட்டது. தோரியம் மோனசைட் மணலில் இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்துதான் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை வந்தது. ஐரோப்பிய நகரங்களின் காஸ் விளக்குகள் குமரிக் கடற்கரை மணலால் ஒளிர்ந்தன என்று சொன்னால் அது மிகையல்ல.

இனி உங்கள் விளக்கு. பம்பை இழுத்து அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் தோல் வாஷர் காய்ந்திருக்கிறது. கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, விளிம்பை விரலால் விரித்து மாட்டுங்கள். டாங்கில் முக்கால் பங்குக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது, மேலே காற்றுக்கு இடம் வேண்டும். வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். அந்த அளவுக்கு ஊற்றினால் ஒரு லிட்டர், அது ஏறக்குறைய 8 மணி நேரம் எரியும்.

மேண்டிலைப் பீங்கான் நாசலின் கழுத்துப் பள்ளத்தில் சுருக்கம் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்படி கட்டி, மீதி நூலை வெட்டிவிடுங்கள். காற்று வெளியேற்றும் திருகு திறந்தே இருக்கட்டும். ஸ்பிரிட் கிண்ணம் நிறைய ஊற்றிப் பற்றவையுங்கள். மேண்டிலும் அந்தத் தீயிலேயே எரிந்து வெளுக்கும். ஸ்பிரிட் தீரப்போகும் நேரத்தில், அதற்கு முன்னால் அல்ல, திருகை மூடிப் பம்பு அடியுங்கள். ‘புஸ்’ என்ற சீரான சத்தத்தோடு மேண்டில் வெளுத்து ஒளிரும். பிறகு அழுத்தமானியில் சிவப்புக் கோடு வரை அடித்துக்கொள்ளலாம்.

மஞ்சள் தீ குபீரென்று மேலே எழுந்தால் ஆவிக்குழாய் போதிய அளவு சூடாகவில்லை, மண்ணெண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது என்று பொருள். உடனே காற்றைத் திறந்துவிட்டு, ஆறியதும் முதலிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் ஏறி ஏறி இறங்கினால் நிப்பிளில் அடைப்பு. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ஊசி துளையைக் குத்திச் சுத்தம் செய்யும். மேண்டிலில் ஓட்டை விழுந்தால் அதோடு எரிக்காதீர்கள், அந்த ஓட்டை வழியே பாயும் தீ நாக்கு கண்ணாடியை உடைத்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். மூடிய அறையில் ஏற்றவே கூடாது, கார்பன் மோனாக்சைடு சேரும். தோரியம் மெல்லிய கதிர்வீச்சு உள்ளது. எரியும் விளக்கின் அருகில் இருப்பதால் பெரிய தீங்கில்லை, உதிர்ந்த மேண்டில் தூளை மூச்சில் இழுப்பதுதான் கெடுதல். அதை வாயால் ஊதாமல், ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கை கழுவுங்கள்.

கே: நான் பின்னலாடை நிறுவனத்தில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன். மனிதர்கள் இரவில் ஆலை வேலை பார்ப்பது எப்போது தொடங்கியது?
— திருப்பூர் வாசகர்

ப: ரொட்டி சுடுபவர், உலை காப்பவர், காவல்காரர், மீனவர் என்று இரவில் உழைத்தவர்கள் எக்காலத்திலும் உண்டு. நூற்றுக்கணக்கானவர்களை ஒரு கட்டடத்தில் வைத்து இருட்டிய பிறகும் எந்திரத்தை ஓட்டுவதற்கு மலிவான வெளிச்சம் வேண்டியிருந்தது. அது நிலக்கரி வாயுவிலிருந்து வந்தது.

ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் மர்டாக் 1792-இல் இங்கிலாந்தின் ரெட்ரூத் ஊரில் தன் வீட்டுக்குக் காஸ் விளக்குப் போட்டார். நிலக்கரியைக் காற்றுப் புகாத இரும்புக் கலத்தில் போட்டுச் சூடாக்கினால் வரும் வாயுவைக் குழாயில் கொண்டுவந்து எரிப்பது அவர் முறை. பிறகு மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிலிப்ஸ்–லீ பருத்தி ஆலைக்கு 904 பர்னர்கள் பொருத்தினார். மொத்த வெளிச்சம் 2,500 மெழுகுவர்த்திக்குச் சமம். 1808-இல் ராயல் சொசைட்டியில் அவர் வைத்த கணக்கைக் கவனியுங்கள். சராசரியாக நாளுக்கு 2 மணி நேரம் விளக்கெரிக்க ஓராண்டுச் செலவு, மெழுகுவர்த்தியானால் 2,000 பவுண்டு, காஸானால் 600 பவுண்டு. அதையே 3 மணி நேரமாக்கினால் மெழுகுவர்த்திக்கு 3,000 பவுண்டு, காஸுக்கு 650 பவுண்டு.

விஷயம் இந்த இரண்டாவது கணக்கில்தான் இருக்கிறது. மெழுகுவர்த்தியில் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்துக்கும் முழு விலை கொடுக்க வேண்டும். காஸில் செலவின் பெரும்பகுதி கலத்திலும் குழாயிலும் முதலிலேயே போட்டாகிவிட்டது. ஒரு மணி நேரம் கூட்டினால் ஐம்பது பவுண்டு மட்டும் அதிகம். வெளிச்சத்துக்குச் செலவழித்த முதலாளிக்கு அதை நீண்ட நேரம் எரிப்பதே இலாபம் என்றானது. சூரியன் விழுந்தால் வேலை முடிந்தது என்ற பழைய எல்லை அங்கேதான் உடைந்தது. அதன் பிறகு வேலை நேரத்துக்கு எல்லை போடச் சட்டம் தேவைப்பட்டது. இங்கிலாந்தின் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவு, நூற்பாலைகளில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் இரவு வேலையைத் தடுத்தது.

உங்களுக்கு நடைமுறையில் ஒன்று: ஷிஃப்ட் முடிந்து காலையில் வீடு திரும்பும்போது வெயில் கண்ணில் பட்டால் உடல் அதைப் ‘பகல் தொடங்கிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளும். வண்டி ஓட்டாமல் பேருந்தில் வருபவரானால் கறுப்புக் கண்ணாடி போட்டு வாருங்கள். படுக்கும் அறையின் சன்னலைக் கெட்டித் துணியால் முழுக்க மறையுங்கள்.

கே: மின்சாரம் வரும் முன் மக்கள் பொழுது சாய்ந்ததும் படுத்து, நடுவில் எழுந்து, மறுபடி தூங்கினார்களாமே?
— காரைக்குடி வாசகர்

ப: அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோஜர் எகிர்ச் பழைய ஐரோப்பிய நாட்குறிப்புகள், வழக்குமன்ற ஆவணங்களிலிருந்து ‘முதல் உறக்கம், இரண்டாம் உறக்கம்’ என்ற பேச்சு அங்கே சாதாரணமாக இருந்ததைக் காட்டினார். அது உறுதியான சான்றுதான். ஆனால் உலகம் முழுக்க எல்லாரும் அப்படித்தான் தூங்கினார்கள் என்று அதை நீட்டுவது சரியல்ல. தான்சானியாவின் ஹட்சா, தெற்கு ஆப்பிரிக்கப் பகுதியின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய மக்கள் மின்விளக்கு இல்லாமல் வாழ்கிறவர்கள். அவர்களுடைய கையில் கருவி கட்டி அளந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அவர்கள் சூரியன் மறைந்து சராசரி 3.3 மணி நேரம் கழித்தே தூங்கினார்கள். தூங்கிய நேரம் 5.7 முதல் 7.1 மணி வரை. நடுவில் எழுந்து உட்காரும் வழக்கம் இல்லை. குளிர்நாட்டின் 14 மணி நேரக் குளிர்கால இரவையும் வெப்பநாட்டின் 12 மணி நேர இரவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கே: அமெரிக்காவில் ஒரு பல்பு நூறு வருடத்துக்கு மேல் எரிகிறது. நம் குண்டு பல்பை மட்டும் 1,000 மணி நேரத்தில் போகும்படி கம்பெனிகள் சதி செய்தன என்கிறார்களே?
— விருத்தாசலம் வாசகர்

ப: சதி உண்டு. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு நிறுவனங்கள் ‘ஃபீபஸ்’ என்ற கூட்டமைப்பை அமைத்தன. பல்பின் ஆயுள் 1,000 மணி என்று வரையறுத்து, அதற்கு மேல் எரியும் பல்பு செய்த உறுப்பினருக்கு அபராதம் போட்டன. சந்தையையும் பங்கு பிரித்துக்கொண்டன. நியாயப்படுத்த முடியாத செயல்.

ஆனால் ‘நீண்ட நாள் எரிந்தால் நல்ல பல்பு’ என்ற முடிவுக்கு உடனே போகாதீர்கள். குண்டு பல்பில் டங்ஸ்டன் இழை ஏறக்குறைய 2,500 டிகிரி செல்சியஸில் ஒளிர்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியில் படிகிறது. பழைய பல்பு உள்ளே கறுத்திருப்பது அதுதான். மெலிந்த இடம் இன்னும் சூடாகி ஒருநாள் அறுந்துவிடும். சூட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும், ஒளி குறையும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆனால் வெளிச்சம் 30 விழுக்காடு குறையும், மின்செலவோ 15 விழுக்காடுதான் குறையும். கலிஃபோர்னியாவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901 முதல் எரியும் அந்தப் பல்பு இன்று 4 வாட் அளவில் சிவந்து கிடக்கிறது. அதன் அடியில் புத்தகம் படிக்க முடியாது.

கே: ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி பல்பு இருட்டில் மங்கலாக எரிகிறது. சில பல்புகள் ஒரு வருடத்திலேயே போய்விடுகின்றன. அட்டையில் 25,000 மணி என்றல்லவா போட்டிருக்கிறது?
— பல்லடம் வாசகர்

ப: முதல் கேள்வியை அலட்சியப்படுத்தாதீர்கள். ஃபேஸ் கம்பியில் போட வேண்டிய ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருந்தால் இப்படி ஆகும். அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து, பல்பைக் கழற்றி, ஸ்விட்சை அணைத்து, ஹோல்டரின் இரு முனையிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் ஸ்விட்ச் இடம் மாறியிருக்கிறது, ஃபேஸுக்கு மாற்ற வேண்டும். அது சரியாக இருந்தும் மங்கல் ஒளி வந்தால், ஸ்விட்சில் உள்ள சின்ன சிவப்பு இண்டிகேட்டர் வழியாகவோ, ஒரே பைப்பில் நெடுந்தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் கம்பிகளாலோ மிகச் சிறு மின்னோட்டம் வருகிறது. குண்டு பல்பு அதைக் காட்டாது, எல்.இ.டி காட்டிவிடும். ஆபத்தில்லை.

இரண்டாவது: கெடுவது பெரும்பாலும் ஒளிதரும் சில்லு அல்ல, அதன் பின்னால் இருக்கும் ‘டிரைவர்’ என்ற மின்சுற்று. அதிலுள்ள மின்தேக்கிக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும். அடைத்த கண்ணாடிக் கூண்டுக்குள்ளும், பால்ஸ் சீலிங்கில் காற்றுப் போகாத குழிக்குள்ளும் போட்ட பல்பு சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம். திறந்த ஹோல்டரில் போடுங்கள். கூண்டு வேண்டுமென்றால் 9 வாட்டுக்குப் பதில் 5 வாட் போடுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால் ஒரு சில்லில் மட்டும் கறுப்புப் புள்ளி தெரியும் பல்புகளும் உண்டு. சில்லுகள் வரிசையாகக் கோர்த்திருப்பதால் ஒன்று அறுந்தால் அனைத்தும் அணைந்துவிடும்.

கே: இரவில் செல்போன் பார்த்தால் தூக்கம் கெடும் என்கிறார்கள். டியூப் லைட்டும் கெடுக்குமா? பிள்ளைகள் படிக்கும் அறைக்கு எந்த விளக்கு நல்லது?
— அருப்புக்கோட்டை வாசகர்

ப: நம் வீடுகளில் செல்போனைவிட உச்சியில் எரியும் வெள்ளை டியூப் லைட்டைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். விழித்திரையில் பார்வைக்காக அல்லாமல் பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்காகவே சில செல்கள் இருப்பது 2002-இல் உறுதியானது. அவை நீல ஒளிக்கு மிகவும் எளிதில் தூண்டப்படும். அவை தூண்டப்பட்டால், உடலுக்கு இரவு வந்ததைச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். மெலடோனின் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறக்குறைய 2 மணி நேரம் முன்பே ஏறத் தொடங்கும். விளக்கொளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. நம் கடைகளில் அதிகம் விற்பது 6500 கெல்வின் வெள்ளை, அதில் நீலம் அதிகம்.

கூடத்திலும் படுக்கையறையிலும் இரண்டு விளக்கு வையுங்கள். மாலை வேலைக்கு வெள்ளை, இரவு 9 மணிக்கு மேல் 2700 அல்லது 3000 கெல்வின் உள்ள 3 முதல் 5 வாட் மஞ்சள் பல்பு. நிறம் மட்டும் மாறினால் போதாது, அளவும் குறைய வேண்டும். பளீரென்ற மஞ்சள் விளக்கும் தூக்கத்தைத் தள்ளிப்போடும். படிக்கும் பிள்ளைக்கு 4000 கெல்வின், 7 வாட் மேசை விளக்கை மூடியோடு, புத்தகத்துக்கு மேல் 40 சென்டிமீட்டர் உயரத்தில், எழுதும் கைக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். அறை முழுக்க இருட்டாக இருக்க வேண்டாம், கண் சோரும்.

இதில் மறக்கக் கூடாத பாதி, பகல். வீட்டுக்குள் 200 லக்ஸ் என்றால், காலையில் மரநிழலில் நின்றாலும் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். காலையில் அரை மணி நேரம் வெளியே இருக்கும் பிள்ளைக்கு இரவு விளக்கின் பாதிப்பு குறைவு.

கே: கடலோரம் வீடு. ஆமைக் குஞ்சுகளுக்காக விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். முழுக்க அணைத்தால் பாதுகாப்பு இல்லையே?
— நீலாங்கரை வாசகர்

ப: முழுக்க அணைக்க வேண்டியதில்லை, கடல் பக்கம் போகாமல் தடுத்தால் போதும். பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்தக் கரையில் முட்டையிடுகிறது. ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் இரவில் வெளிவருகின்றன. தாழ்வான அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் நகர்வது அவற்றின் இயல்பு. இயற்கையில் அது கடல். இன்று அது தெருவிளக்காக இருக்கிறது. சென்னையில் மாணவர்கள் 1988 முதல் இரவெல்லாம் கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜனவரி முதல் மே வரை மாடி, பால்கனி விளக்குகளை இருட்டிய பின் அணையுங்கள், சன்னலுக்குத் திரை போடுங்கள். காவலுக்கு வேண்டிய விளக்கை முழங்கால் உயரத்தில், மேல் பக்கமும் கடல் பக்கமும் மூடிய கூண்டில், தரையை மட்டும் பார்க்கும்படி பொருத்துங்கள். ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு இன்னும் நல்லது. சாதாரண மஞ்சள் எல்.இ.டி போதாது, அதிலும் நீலம் கலந்திருக்கிறது. ஆம்பர் அல்லது சிவப்பு எல்.இ.டி என்றே கேட்டு வாங்குங்கள்.

பொருத்திய பின் நிலா இல்லாத இரவில் மணலில் இறங்கி நின்று பாருங்கள். பல்பு நேராகக் கண்ணில் பட்டாலோ, உங்கள் நிழல் கடலை நோக்கி விழுந்தாலோ, கூண்டை இன்னும் கீழே இறக்க வேண்டும்.